ஸ்லைடு கடைசி: எல்லையோரக் கல்லூரி ஆசிரியர்களின் கேள்விகளும் பதில்களும்

பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், பொள்ளாச்சிப் பக்கத்துக் கல்லூரி ஆசிரியர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. நான் இயற்பியல் ஆசிரியை. பாட வடிவமைப்பு, மூடுல் என்னும் இணையவழிப் பாடத் தளம், கேள்வித்தாள் தயாரிப்பு ஆகியவற்றில் சக ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருகிறேன். இடமாற்றம், சம்பளம் பற்றி வந்த கேள்விகளை எடுத்துக்கொள்ளவில்லை.

டீச்சர், நாலு வருடப் பட்டப்படிப்பில் பாடத்தின் ஒரு பகுதியை நாமே வடிவமைக்கலாம் என்கிறார்கள். முதலில் ஸ்லைடு செய்யட்டுமா? (பொருளாதாரம், சித்தூர்)

வேண்டாம். ஸ்லைடு கடைசி. கேரளத்தில் 2024 ஜூலையில் நாலு வருடப் படிப்பு தொடங்கியதிலிருந்து நிறையப் பேர் இந்த வாய்ப்பை இப்படித்தான் வீணாக்குகிறார்கள். நாற்பது ஸ்லைடு செய்துவிட்டு, பிறகு அதற்கு ஒரு நோக்கம் எழுதுகிறார்கள்.

பாடம் முடியும் நாளில் மாணவர் எதைச் செய்து காட்ட வேண்டும்? அதை ஒரே வாக்கியமாக எழுதுங்கள். "தேவை நெகிழ்ச்சி பற்றி அறிந்துகொள்வர்" என்று எழுதினால், அறிந்தாரா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? "பொள்ளாச்சியில் தேங்காய் விலை இறங்கினால் சித்தூர்த் தோட்டக்காரரின் வருமானம் என்ன ஆகும் என்று வரைபடம் போட்டு விளக்குவர்" என்று எழுதுங்கள். இதைச் சோதித்துப் பார்க்க முடியும். அடுத்து, அதற்கான தேர்வுக் கேள்வியை இன்றே எழுதிவிடுங்கள். அந்தக் கேள்விக்கு விடை எழுத என்னென்ன பழக வேண்டுமோ அதுதான் உங்கள் வகுப்பு. இவ்வளவும் ஆன பிறகு ஸ்லைடு தேவையா, வீடியோ தேவையா, கரும்பலகை போதுமா என்று பாருங்கள். பல நேரம் கரும்பலகையே போதும்.

கல்வியாளர் புளூம் 1956-இல் வகுத்து, 2001-இல் திருத்தப்பட்ட கற்றல் நோக்கங்களின் ஆறு படிகளை எல்லாப் பயிற்சியிலும் காட்டுகிறார்கள். அதிலிருந்து வினைச்சொல்லை மட்டும் பொறுக்கி எடுத்து நோக்கத்தில் ஒட்டுவதால் பயன் இல்லை. நோக்கத்தில் "பகுத்தாய்தல்" என்று எழுதிவிட்டுத் தேர்வில் "வரையறு" என்று கேட்டால், மாணவர் வரையறையைத்தான் மனப்பாடம் செய்வார்.

சி.ஓ., பி.ஓ. மேப்பிங் அட்டவணையில் எல்லா இடத்திலும் 3 போடச் சொல்கிறார்கள். (கணிதம், பொள்ளாச்சி)

போடாதீர்கள். சி.ஓ. என்பது ஒரு பாடத்தின் முடிவில் மாணவர் செய்து காட்ட வேண்டியது, பி.ஓ. என்பது முழுப் படிப்பின் முடிவில் செய்து காட்ட வேண்டியது. இரண்டுக்கும் இடையில் 1 என்றால் குறைவான தொடர்பு, 3 என்றால் வலுவான தொடர்பு. எல்லாமே 3 என்றால் அந்த அட்டவணையால் எதுவும் தெரியாது. கேள்வித்தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் அது எந்த சி.ஓ. என்று குறித்துவிடுங்கள். மாணவர் எதில் விழுகிறார் என்பதை மதிப்பெண்ணே காட்டிவிடும்.

பதவி உயர்வுக்கு எந்த எஃப்.டி.பி. (ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சி) செல்லும்? (வரலாறு, கொழிஞ்சாம்பாறை)

யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிமுறைப்படி உதவிப் பேராசிரியர் சம்பள நிலை 10-இலிருந்து 11-க்குப் போக 21 நாள் ஓரியன்டேஷன் (அறிமுகப் பயிற்சி) ஒன்று வேண்டும். அதோடு ரெஃப்ரெஷர் (புத்தாக்கப் பயிற்சி), குறைந்தது ஒரு வார எஃப்.டி.பி., மின்சான்றிதழோடு ஒரு மூக்ஸ் (திறந்த இணையவழி) படிப்பு போன்றவற்றில் ஏதாவது ஒன்று. முன்பு எச்.ஆர்.டி.சி. (மனிதவள மேம்பாட்டு மையம்) என்று இருந்தவை 2023 முதல் மாளவியா மிஷன் பயிற்சி மையங்கள். நமக்குப் பக்கத்தில் தேஞ்ஞிப்பாலத்தில் கோழிக்கோடு பல்கலைக்கழகத்திலும், கோவையில் பாரதியார் பல்கலைக்கழகத்திலும் உள்ளன. உங்கள் தேதிக்கும் நிலைக்கும் எது பொருந்தும் என்பதைக் கல்லூரி ஐ.க்யூ.ஏ.சி.யில் (உள் தர உறுதிப் பிரிவு) கேளுங்கள்.

அட்டப்பாடி மலைப்பகுதியிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு வீட்டில் நெட்வொர்க் சரியாக இல்லை. வீடியோ போட்டால் பார்ப்பதில்லை. (தாவரவியல், சித்தூர்)

ஒலிப்பதிவு கொடுங்கள். 32 கே.பி.பி.எஸ். அளவில் பேச்சைப் பதிந்தால் பத்து நிமிடத்துக்கு 2.4 எம்.பி.தான் ஆகும். வாட்ஸ்அப்பில் போய்விடும். கல்லூரியில் இருக்கும்போதே இறக்கி வைத்துக்கொள்ளலாம். படத்தைத் தனியே ஒரு பக்க பி.டி.எஃப். ஆகக் கொடுத்து, "இப்போது படத்தில் இடது மூலையைப் பாருங்கள்" என்று பேச்சில் சொல்லுங்கள். வீட்டில் பேசும் மொழியிலேயே பேசுங்கள்.

இந்தக் கடைசி வரிக்குத்தான் சண்டை வந்தது.

தேர்வு இங்கிலீஷில். நீங்கள் தமிழில் ஒலிப்பதிவு கொடுத்தால் பிள்ளைகள் இங்கிலீஷில் எழுத எப்போது பழகுவார்கள்? (வணிகவியல், பொள்ளாச்சி)

என் வகுப்பில் பலர் தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்தவர்கள் சார். இங்கிலீஷில் சொன்னால் எழுதிக்கொள்கிறார்கள், புரிவதில்லை. (மறுபடியும் தாவரவியல்)

தமிழில் சொன்னால் புரிந்தது என்று தலையாட்டுகிறார்கள். தாளில் ஒன்றும் வருவதில்லையே! (வணிகவியல்)

சார், தாளில் வராததற்குத் தமிழ் காரணம் இல்லை. கேட்ட பிறகு அவர்களுக்குச் செய்ய எந்த வேலையும் நாம் தரவில்லை. இங்கிலீஷிலேயே ஒரு மணி நேரம் பேசினாலும், அவர்கள் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தால் இதேதான் நடக்கும். எழுத்தைச் சோதிக்கப் போகிறோம் என்றால் எழுத்தைத்தான் பழக்க வேண்டும்.

ஒளிச்சேர்க்கை பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு நிமிடம் தமிழில் விளக்கம். ஸ்ட்ரோமா, தைலகாய்டு போன்ற சொற்களைத் தேர்வில் வருகிறபடியே சொல்லுங்கள். மறுநாள் வகுப்பில் முதல் பத்து நிமிடம், அரைத்தாளில் ஒரே கேள்விக்கு நாலு வரி இங்கிலீஷில் எழுதட்டும். எல்லாத் தாளையும் திருத்த வேண்டாம். ஒவ்வொரு முறையும் வேறு பத்துப் பேருடையதைப் படியுங்கள். பலரும் செய்யும் ஒரு பிழையை மட்டும் பலகையில் எழுதிச் சரிசெய்யுங்கள். புரிந்துகொள்வதற்குத் தமிழ், எழுதுவதற்கு இங்கிலீஷ். முதல் வேலையை நடக்கவிடாமல் இரண்டாவதை எதிர்பார்ப்பது அந்தப் பிள்ளைகளுக்குச் செய்கிற அநியாயம்.

அதற்கு நேரம் எங்கே? போர்ஷன் முடிக்க வேண்டாமா? (வணிகவியல்)

நோட்ஸ் சொல்லி எழுதவைக்கும் நேரத்தை எடுங்கள். நோட்ஸை அச்சிட்டுக் கொடுத்துவிடலாம்.

நான் மலையாளி. தமிழ் கேட்டால் புரியும், பேச வராது. (விலங்கியல், சித்தூர்)

மூத்த மாணவர் ஒருவரைப் பேசச் சொல்லுங்கள் டீச்சர். நீங்கள் மலையாளத்தில் விளக்குங்கள், அவர் தமிழில் பதியட்டும். அனுப்பும் முன் கேட்டுப் பாருங்கள், தப்பு இருந்தால் உங்களுக்கே பிடிபடும். விளக்குகிற அந்த மாணவருக்கும் பாடம் கெட்டியாகிவிடும்.

எந்த ஆப் நல்லது? (மூன்று பேர்)

ஆப் கடைசி. முதல் பதிலைப் படியுங்கள்.

மூடுலில் வினாடிவினா வைத்தேன். கேள்வி நன்றாக இருந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (வேதியியல், பொள்ளாச்சி)

இப்படிக் கேட்பவர்கள் குறைவு, அதனால் விரிவாகவே சொல்கிறேன். மூடுலில் வினாடிவினாவுக்கான புள்ளிவிவர அறிக்கை இருக்கிறது, திறந்து பாருங்கள். தாளில் நடந்த தேர்வு என்றால் கையாலேயே கணக்குப் போடலாம். மதிப்பெண் வரிசையில் மேலே 27 சதவீதம், கீழே 27 சதவீதம் பேரை எடுங்கள். ஐம்பது பேர் வகுப்பில் மேலே 14, கீழே 14. ஒரு கேள்விக்கு மேலே 11 பேரும் கீழே 3 பேரும் சரியாக எழுதினார்கள் என்றால், 28-இல் 14, எளிமை அளவு 0.5. வித்தியாசம் 8, அதை 14-ஆல் வகுத்தால் பிரித்துக் காட்டும் அளவு 0.57. நன்றாகப் படித்தவரையும் படிக்காதவரையும் பிரித்துக் காட்டுகிற நல்ல கேள்வி அது.

இந்தப் பிரித்துக் காட்டும் அளவு 0.2-க்குக் கீழே வந்தால் கேள்வியைத் திரும்பப் படியுங்கள். கழித்தல் குறியோடு வந்தால், அதாவது கீழே இருப்பவர்கள் அதிகம் சரியாக எழுதியிருந்தால், முதலில் உங்கள் விடைக்குறிப்பைப் பாருங்கள். அது சரியாக இருந்தால் கேள்வியின் சொற்களில் இரண்டு அர்த்தம் இருக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை: எல்லோரும் சரியாக எழுதும் கேள்வியில் இந்த எண் பூஜ்யமாகத்தான் வரும். அடிப்படையான விஷயத்தை எல்லோரும் கற்றுவிட்டார்கள் என்றால் அது நல்ல செய்தி, அந்தக் கேள்வியைத் தூக்கிப் போடாதீர்கள்.

ஆன்லைன் எஃப்.டி.பி. சான்றிதழ் பதவி உயர்வுக்குச் செல்லுமா? (இரண்டு பேர்)

மேலே எழுதிவிட்டேன். ஐ.க்யூ.ஏ.சி.

பழைய தமிழ் நோட்ஸ் மூடுலில் இங்கிலீஷ் எழுத்தாகத் தெரிகிறது. (தமிழ், சித்தூர்)

பாமினி எழுத்துருவில் அடித்திருப்பீர்கள். எழுத்துரு மாற்றி மென்பொருளில் போட்டு, எல்லாக் கருவியிலும் தெரியும் பொதுக் குறியீடான யூனிகோடு ஆக்கிவிட்டு ஏற்றுங்கள். தமிழ்நாடு அரசே 2010-இல் யூனிகோடை ஏற்றுவிட்டது. இனி பாமினியில் புதிதாக எதையும் அடிக்க வேண்டாம்.

அசைன்மென்ட் எல்லாம் சாட்ஜிபிடி எழுதியதாக இருக்கிறது. (ஆங்கிலம், பொள்ளாச்சி)

முதல் வரைவை வகுப்பிலேயே கையால் எழுதவையுங்கள். இறுதிப் பிரதியோடு அதையும் வாங்குங்கள். சந்தேகம் வந்தால் மூன்று நிமிடம் எதிரே உட்காரவைத்துக் கேளுங்கள். கண்டுபிடிக்கும் மென்பொருளை நம்பி யாருக்கும் பூஜ்யம் போடாதீர்கள், அவை தவறாகவும் குற்றம் சாட்டும்.

வகுப்பில் ஓட்டெடுப்புக் கருவி வாங்கப் பணம் இல்லை. (இயற்பியல், கோபாலபுரம்)

என் துறைக்காரர்! ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991-இல் தொடங்கிய, மாணவர் ஒருவருக்கொருவர் கற்பிக்கும் முறை நம் பாடத்தில்தான் பிறந்தது. கருத்தைச் சோதிக்கும் ஒரு கேள்வி, தனியாக ஓட்டு, பக்கத்தில் இருப்பவரோடு வாதம், மறுபடி ஓட்டு. முதல் ஓட்டில் 30 முதல் 70 சதவீதம் பேர் சரி என்றால்தான் வாதத்துக்கு விடுங்கள். அதற்குக் கீழே என்றால் மறுபடி விளக்குங்கள், மேலே என்றால் நகருங்கள். கருவி எதற்கு? நாலு நிற அட்டை போதும். நெஞ்சுக்கு நேரே பிடிக்கச் சொல்லுங்கள், பக்கத்தில் இருப்பவருடையதைப் பார்க்க முடியாது.