14 புள்ளி வீணாகுமா?

அன்புள்ள ஐயா,

என் மகன் உயர்நிலைப்பள்ளி முடிவில் எழுதும் சாதாரண நிலைத் தேர்வில் 14 புள்ளி எடுத்திருக்கிறான். பல்கலைக்கழகத்துக்குத் தயார்செய்யும் தொடக்கக்கல்லூரியில் இடம் கிடைத்துவிடும். அவனோ பலதுறைத் தொழிற்கல்லூரியில் தாதிமை (செவிலியர் படிப்பு) படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். "28 புள்ளிக்காரனையே சேர்த்துக்கொள்ளும் படிப்புக்கு இந்த 14 எதற்கு?" என்கிறார் என் அண்ணன். பல்கலைக்கழகக் கதவு மூடிவிடுமோ என்று எனக்கும் பயம். விண்ணப்பிக்கச் சில நாள்கள்தாம் இருக்கின்றன.

ஒரு தாய், ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள அம்மா,

முதலில் உங்கள் அண்ணனின் கணக்கு. (வெளியூர் வாசகர்களுக்கு: இங்கே புள்ளி குறையக் குறைய நல்லது.) தொடக்கக்கல்லூரிக்கான 14 ஆறு பாடங்களின் கூட்டு. பலதுறைத் தொழிற்கல்லூரி பார்ப்பது ஐந்து பாடங்களை. 28 என்பது விண்ணப்பிக்கும் தகுதியின் கடைசி எல்லை மட்டுமே. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

கதவும் மூடாது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலேயே தாதிமைப் பட்டப்படிப்பு இருக்கிறது. தொடக்கக்கல்லூரி முடிவில் வரும் மேல்நிலைத் தேர்வு எழுதியும் போகலாம், பலதுறைத் தொழிற்கல்லூரி டிப்ளோமாவோடும் போகலாம். டிப்ளோமாவில் நல்ல மதிப்பெண் வேண்டும், போட்டி உண்டு. அதை மறைக்க மாட்டேன். ஆனால் தொடக்கக்கல்லூரியின் இரண்டு வருடம் கையில் தருவது ஒரு சான்றிதழ், அவ்வளவுதான். என்னுடையது நாற்பது வருடமாக உறைக்குள் தூங்குகிறது, அதைக் காட்டி நான் ஒரு வேலையும் வாங்கியதில்லை. தாதிமையில் மூன்று வருடம் முடித்தவன் வார்டில் நின்று சம்பளம் வாங்கலாம். படிக்கும்போதே மருத்துவமனைப் பயிற்சிக்கு அனுப்புவார்கள். இரவு நேர வேலையும் படுக்கைத் துணி மாற்றுவதும் தனக்கு ஒத்துவருமா என்பது அங்கேயே தெரிந்துவிடும். மூன்று வருடமா என்று மலைக்காதீர்கள். எந்தப் பக்கம் போனாலும் கட்டாய தேசிய சேவைக்கு இரண்டு வருடம் போகத்தான் போகிறது.

என் சந்தேகம் வேறு. ஆசை அவனுடையதா, கூட்டாளியுடையதா? விண்ணப்பத்தில் 12 விருப்பங்கள் வரை எழுதலாம், தொடக்கக்கல்லூரியையும் பலதுறைத் தொழிற்கல்லூரியையும் கலந்தே. வரிசை முக்கியம்: மேலே எழுதியதில் இடம் கிடைத்தால் கீழே உள்ளதைப் பார்க்க மாட்டார்கள். உங்கள் மனச் சமாதானத்துக்காகத் தொடக்கக்கல்லூரியை முதலில் எழுதச் சொல்லாதீர்கள். தாதிமையை முதலில் எழுதட்டும். இரண்டாவதாக என்ன எழுதுவாய் என்று மட்டும் கேளுங்கள். இன்னொரு கல்லூரியின் தாதிமை என்றால் அண்ணனிடம் நீங்களே பேசிவிடலாம். கூட்டாளி சேரும் வணிகப் படிப்பு என்றால், அன்றிரவு அவனோடு கொஞ்ச நேரம் உட்கார வேண்டியிருக்கும்.