25,000 ரூபாய்க்குள், உப்புக்காற்றுக்கு நடுவில், ஒரு சின்ன கேமிங் கம்ப்யூட்டர்

கேள்வி இதுதான்: ஏர்வாடிப் பக்கம் வீடு, கடலுக்கு முந்நூறு மீட்டர். மேசை மூலையில் அடங்குகிற அளவில், 25,000 ரூபாய்க்குள் கேமிங் கம்ப்யூட்டர் சேர்க்க முடியுமா? மானிட்டர் ஏற்கெனவே இருக்கிறதாம்.

முடியும் தம்பி. ஆனால் புதுப் பாகங்களாக வாங்கிச் சேர்த்தால் முடியாது. இந்தத் துறையில் சின்னதாக இருப்பதற்கே தனி விலை. 17 சென்டிமீட்டர் சதுரமான மினி ஐடிஎக்ஸ் மதர்போர்டு (பாகங்கள் எல்லாம் செருகும் பலகை) அதைவிடப் பெரிய மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டைவிட விலை கூட. அதற்கேற்ற சின்ன பவர் சப்ளையும், எல்லாவற்றையும் அடக்கும் பெட்டியான கேபினெட்டும் அப்படித்தான். மூன்றையும் வாங்கி முடிக்கும்போது ஆட்டத்தின் படத்தை வரைகிற கிராபிக்ஸ் கார்டுக்குக் காசு இருக்காது.

நான் கீழக்கரை. எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் உங்கள் தூரம்கூட இல்லை. 2022-ல் ஆசைப்பட்டு, பக்கவாட்டில் கண்ணாடியும் முன்னால் வலையும் மூன்று விசிறிகளும் உள்ள ஒரு கேபினெட் வாங்கினேன். நல்ல காற்று வேண்டும் என்று தெற்கு ஜன்னல் ஓரம் வைத்தேன். தெற்கிலிருந்து அடிக்கிற சோழகக் காற்று நேராக அந்த வலைக்குள் போனது. எட்டாவது மாதம் விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் வரவில்லை. கழற்றினால் நினைவகப் பட்டையான ராமின் தங்கப் பற்கள் கறுத்திருந்தன. எச்டிஎம்ஐ வாயில் பச்சைக் களிம்பு. கார்டின் பின்தகடு, மழையில் கிடந்த ஆணி மாதிரி துரு. பக்கத்தில் நின்று பார்த்த வாப்பா, "வள்ளத்து இஞ்சினையே கரையேறினதும் நல்ல தண்ணி ஊத்தி அலசுறோம். இதை எப்படிடா அலசுவே?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை.

அப்புறம்தான் காரணம் புரிந்தது. ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துத் தானே கரைந்துவிடும். நம் கரையில் ராத்திரி அதைத் தாண்டுவது சர்வசாதாரணம். போர்டில் படிந்த உப்புத்தூள் ராத்திரியில் உப்புத்தண்ணீர் ஆகிறது. உப்புத்தண்ணீரில் மின்சாரம் ஓடும், உலோகம் அரிக்கும். ஊரெல்லாம் சொல்கிற "விசிறி கூடக் கூட நல்லது" என்ற பேச்சு கடற்கரைக்கு ஒத்துவராது. அதிகக் காற்று என்றால் அதிக உப்பு.

அதனால் இரண்டாவது முறை, 2024-ல், அலுவலகங்களில் ஓடிக் கழிந்த சின்னப் பெட்டி ஒன்றை வாங்கினேன். டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் என்று வரும். எஸ்எஃப்எஃப் (ஸ்மால் ஃபார்ம் ஃபேக்டர், சின்ன அளவுப் பெட்டி) என்று கேளுங்கள். டைனி, மினி என்று வேறொன்றும் உண்டு, கைக்குள் அடங்கும், அதில் சாதாரண கிராபிக்ஸ் கார்டு ஏறாது. எஸ்எஃப்எஃப் கெட்டியான இரும்புப் பெட்டி. காற்று முன்னால் நுழைந்து பின்னால் போகும், அவ்வளவுதான் வழி. எட்டாம் தலைமுறை இன்டெல் பிராசசருக்குக் கீழே போகாதீர்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 முறைப்படி எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும். வாலரன்ட் என்ற ஆன்லைன் துப்பாக்கி ஆட்டம் ஆடுவதாக இருந்தால் இது இன்னும் முக்கியம், விண்டோஸ் 11-ல் அது டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளையும் கேட்கும்.

நான் சென்னை ரிச்சி தெருவில் எடுத்தேன். ஐ5-8500 (எட்டாம் தலைமுறைதான்), ஆறு கோர், 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி, 13,000 ரூபாய். இன்னொரு 8 ஜிபி ராம் 1,500. கிராபிக்ஸ் கார்டு பழையது 7,500. யூபிஎஸ் 2,700. ஆக 24,700. அன்றைய விலை அது. இப்போது ராம் விலை ஏறிக் கிடக்கிறது, அதனால் 16 ஜிபி போட்டே தருகிற கடையாகப் பாருங்கள்.

கார்டு விஷயத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். இந்தப் பெட்டிகளின் பவர் சப்ளை பெரும்பாலும் 200 வாட் அளவில்தான் இருக்கும், கார்டுக்கென்று தனி ஒயர் வராது. எனவே போர்டில் கார்டைச் செருகும் ஸ்லாட்டிலிருந்தே கிடைக்கும் 75 வாட்டுக்குள் ஓடுகிற, பாதி உயரக் கார்டுதான் வேண்டும். ஜிடிஎக்ஸ் 1650-ல் அப்படிப்பட்ட லோ புரொஃபைல் வகை இருக்கிறது. அதே 1650-ல் ஆறு முனை ஒயர் கேட்கும் வகையும் இருக்கிறது, விற்பவர் போடும் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஆர்எக்ஸ் 6400 இன்னும் ஒல்லி, 53 வாட்தான், ஆனால் அது போர்டோடு நான்கு லேனில் (தரவு போகும் பாதையில்) மட்டும் பேசும். எட்டாம் தலைமுறைப் போர்டின் ஸ்லாட் பிசிஐஇ 3.0 என்ற பழைய வகை என்பதால் அங்கே வேகம் குறையும். ஆடுவதைப் பதிவு செய்து யூடியூபில் போட நினைத்தாலும் அது உதவாது, பதிவைச் சுருக்கித் தரும் வீடியோ என்கோடர் அதில் இல்லை. ஆனாலும் சில பெட்டிகளில் பெரிய ஸ்லாட் பவர் சப்ளையை ஒட்டியே இருக்கும், இரண்டு ஸ்லாட் அகலக் கார்டு ஏறாது. அப்போது 6400-தான் கதி. பெட்டியைத் திறந்து ஸ்கேல் வைத்து அளந்த பிறகே கார்டுக்குப் பணம் கொடுங்கள்.

பழைய கார்டுகளில் போலியும் சுற்றுகிறது. பத்து வருஷத்துக்கு முந்திய கார்டின் பயாஸை (உள்ளே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளை) மாற்றி, புது மாடல் பெயர் காட்டும்படி செய்துவிடுவார்கள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைக் கடையிலேயே ஓட்டினால் பெரும்பாலும் காட்டிக் கொடுத்துவிடும். எஸ்எஸ்டியின் உடல்நிலை பார்க்க கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ. இரண்டையும் பென்டிரைவில் போட்டுக் கொண்டு போங்கள், கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடை.

எனக்குக் கிடைத்த 1650 நல்ல கார்டுதான், ஆனால் கூடவே வர வேண்டிய, கார்டைப் பெட்டியின் பின்பக்கத்தோடு திருகிப் பிடிக்கும் பாதி உயரத் தகடு இல்லை. விற்றவர் தொலைத்துவிட்டார். தகடு இல்லாமல் ஒரு வாரம் ஓட்டினேன், எச்டிஎம்ஐ ஒயரைத் தொட்டாலே கார்டு ஸ்லாட்டில் ஆடும். கடைசியில் காக்கா (அண்ணன்), படகு இஞ்சின் பழுது பார்க்கிற ஒரு பட்டறைக்கு என்னைக் கூட்டிப் போனார். அங்கிருந்த பையன் முழு உயரத் தகட்டை ஆக்சா பிளேடால் எட்டு சென்டிமீட்டர் சொச்சத்தில் அறுத்து, நுனியை வைஸில் பிடித்து மடித்து, திருகு உட்காரக் குழி எடுத்துக் கொடுத்தான். டீக்காசு மட்டும் வாங்கினான். இன்றைக்கு வரை அந்தத் தகடுதான்.

ஆட்டம் எப்படி? ஜிடிஏ 5, வாலரன்ட், சிஎஸ் 2 (கவுன்டர் ஸ்ட்ரைக்) எல்லாம் 1080பி தெளிவில் வழுக்கிக் கொண்டு ஓடுகின்றன. புதிதாக வரும் பெரிய ஆட்டங்களுக்குக் கார்டின் 4 ஜிபி நினைவகம் போதாது, அமைப்புகளை அடிமட்டத்துக்கு இறக்க வேண்டும். சிலது அப்படியும் திக்கும்.

யூபிஎஸ் வேண்டாம் என்று மிச்சம் பிடிக்காதீர்கள். கமுதியில் 648 மெகாவாட் சோலார் நிலையம் இருக்கிற மாவட்டம் நம்முடையது, ஆனாலும் சாயங்காலம் கரண்ட் கண் சிமிட்டாத நாள் எங்கள் தெருவில் குறைவு. இந்தப் பெட்டிகளின் பவர் சப்ளை வழக்கமான அளவில் இருக்காது, போனால் ராமநாதபுரம் பஜாரில் மாற்று கிடைக்காது. அப்புறம் எர்த்தையும் பாருங்கள். வெறுங்காலோடு பெட்டியைத் தொட்டால் சுருக்கென்று இருந்தால் எர்த் இல்லை என்று அர்த்தம். நம் உப்பு மண்ணில் புதைத்த எர்த் கம்பி சீக்கிரமே அரித்துப் போகும். வயரிங்காரரை வைத்து அதைச் சரி செய்துவிட்டுப் பெட்டியைச் செருகுங்கள்.

வைக்கும் இடம்: கடல் பார்த்த ஜன்னல் கூடவே கூடாது. உள்சுவர், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம். தினம் கொஞ்ச நேரமாவது ஓட விடுங்கள், சூடு இருந்தால் ஈரம் தங்காது. வாரக்கணக்கில் ஊருக்குப் போவதாக இருந்தால் பிளக்கைப் பிடுங்கி, பாலிதீன் பையில் சிலிக்கா ஜெல்லோடு கட்டி வையுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை திறந்து புளோயரால் ஊதி, ராம் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைக்கிறேன். துருவுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்பிரேயை உள்ளே அடித்துவிடாதீர்கள். என் மச்சான் அடித்தான். எண்ணெயில் மணலும் தூசியும் அப்பி, அவன் பெட்டியின் விசிறி அரிசி மில் மாதிரி சத்தம் போடுகிறது.