எட்டுப் பேரும் ஆறு பொத்தான்களும்

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

மண்டபம் ஊரில் கழித்த நாட்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில், இருவர் மோதும் சண்டை வீடியோ கேமான ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ பற்றி ஒரே ஒரு வரி எழுதிவிட்டுக் கடந்துபோயிருந்தீர்கள். எனக்கு அது போதவில்லை. கீழக்கரையில் எங்கள் வயதுக்காரர்களுக்கு வீடியோ கேம் கடை என்றால் முஸ்தபா விளையாட்டுதான். ஸ்ட்ரீட் ஃபைட்டரை நான் வீட்டில்தான் ஆடினேன், துபாயிலிருந்து காக்கா கொண்டுவந்த பெட்டியில். இப்போது என் மகன் அதன் ஆறாம் பாகத்தை ஆடுகிறான். பழையதைக் காட்டினேன். “எட்டே பேர்தானா வாப்பா?” என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டான். இதைப் பெரிதாகச் சொல்வது நம் இளமையை நாமே மெச்சிக்கொள்வதுதானோ? அடிமேல் அடியாக விழும் காம்போவைத் திட்டமிட்டு வகுத்த விளையாட்டு இது என்றும் அவனிடம் சொன்னேன், அது சரியா? அதில் வரும் இந்திய வீரன் தால்சிமை நம் ஆள் என்று கொண்டாடலாமா? மகனை எப்படி இதற்குள் கொண்டுவருவது?

ஒரு வாசகர், கீழக்கரை

அன்புள்ள தம்பி,

காம்போவிலிருந்தே தொடங்குகிறேன், மகனிடம் நீங்கள் சொன்னதில் அது ஒன்றுதான் தவறு. காப்காம் நிறுவனம் 1991இல் இந்த விளையாட்டை வெளியிட்டபோது காம்போ யாரும் திட்டமிட்டு வைத்ததல்ல. கார் உடைக்கும் இடைச்சுற்றைச் சோதித்துக்கொண்டிருந்த, காப்காமைச் சேர்ந்த ஃபுனமிசு நொரிடாக்கா, ஒரு குத்து விழுந்து முடிவதற்குள் இன்னொன்று விழுவதைக் கண்டார். அதற்கான நேரம் இம்மி பிசகாமல் அமைய வேண்டியிருந்ததால், ஆடுபவர்களுக்கு இது எட்டாது என்று கருதி, ஒளிந்திருக்கும் அம்சமாக அதை அப்படியே விட்டுவிட்டார்கள். எட்டாது என்று அவர்கள் நினைத்ததை ஊர் ஊராகப் பிள்ளைகள் எட்டிப் பிடித்தார்கள். அதன்பின் வந்த சண்டை விளையாட்டுகளில் பெரும்பாலானவை அந்தக் கவனப்பிசகின் மேல் கட்டப்பட்டவை. இந்த விளையாட்டைச் செய்தவர்கள் பாதிதான் செய்தார்கள், மீதியை ஆடியவர்கள் செய்தார்கள் என்பது என் கட்சி. நான் இதைப் பெரிதாகச் சொல்வது அதற்காகத்தான். இளமையும் கொஞ்சம் உண்டு, மறுக்கவில்லை.

மண்டபத்தில் நான் ஆடிய கடை, கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த ஒரு கீற்றுக் கொட்டகை. உப்புக் காற்று பொத்தான்களுக்குள் புகுந்து உள்ளே இருக்கும் தகட்டை அரித்துவிடும். கடைக்காரர் வாரம் ஒருமுறை மேற்பலகையைக் கழற்றி உப்புத்தாளால் தேய்ப்பார். உப்பு கெடுத்ததை உப்புத்தாள் சரிசெய்யும் என்பது அவருடைய நிரந்தர வேடிக்கை. அப்படியும் வலப்பக்கத்து ஆறு பொத்தான்களில் பெரிய கிக் கடைசிவரை உயிர்பெறவில்லை. ஆகவே இடப்பக்கம் நிற்பவனும் பெரிய கிக்கைத் தொடக் கூடாது என்று எங்களுக்குள் ஓர் ஏற்பாடு உண்டாயிற்று. முதலில் யார் சொன்னது என்று நினைவில்லை. மீறியவனோடு மறுநாள் ஒருவரும் காசு போட்டு ஆட மாட்டார்கள். 1994இல் வந்த ‘சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 டர்போ’வில் ஒளித்துவைக்கப்பட்டிருந்த அகுமா என்னும் வீரன் மற்றவர்களைவிட மிதமிஞ்சிய பலசாலியாக இருந்ததால், போட்டி ஆட்டக்காரர்களே அவனை ஒதுக்கிவைத்தார்கள் என்று பிற்காலத்தில் படித்தபோது, எனக்கு அந்தச் செத்துப்போன பொத்தான்தான் ஞாபகம் வந்தது.

பிற்பாடு எங்கள் கடைக்கு ஒரு களவுப் பலகை வந்தது, அதாவது காப்காமின் அனுமதியின்றி விளையாட்டை மாற்றி விற்ற சர்க்யூட் பலகை. ‘ரெயின்போ’ என்ற பெயரில் உலவியவற்றில் ஒன்று. அதில் அந்தரத்தில் பறந்தபடியே ஹடோக்கன் என்னும் தீப்பந்தை விடலாம், சண்டைக்கு நடுவே ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினால் ரியூ என்னும் வீரனாக இருந்தவன் சாங்கீஃப் என்னும் வேறொரு வீரனாக மாறிவிடுவான். கூத்துதான். ஆனால் 1992 டிசம்பரில் காப்காம் வேகத்தைக் கூட்டி ‘ஹைப்பர் ஃபைட்டிங்’ என்னும் பதிப்பை வெளியிட்டதற்கு, இத்தகைய களவுப் பலகைகள் பரவியதும் ஒரு காரணம்.

முஸ்தபாவை நான் குறைசொல்ல மாட்டேன். 1993இல் அதே காப்காம் செய்த ‘காடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்’தான் அது, அந்தப் பெயரைச் சொன்னால் நம் பக்கத்தில் யாருக்கும் விளங்காது. அங்கே நண்பனோடு சேர்ந்து இயந்திரத்தை அடிக்கிறோம், கை பழகிவிட்டால் ஒரு ரூபாயில் நெடுநேரம் ஓட்டலாம். இங்கே அடிக்க வேண்டியது பக்கத்தில் தோள் உரச நிற்கும் நண்பனையே. மூன்றில் இரண்டு சுற்று தோற்றால் காசு போயிற்று.

எட்டே பேர்தானா என்ற கேள்விக்கு வருகிறேன். முதல் பதிப்பில் ரியூவும் கென்னும் ஏறத்தாழ ஒரே ஆட்டம் என்பதால் உண்மையில் ஏழு பேர்தான் என்று மகனிடம் சொல்லுங்கள், இன்னும் கோபம் வரும். ரியூ ஒரு ஹடோக்கன் விடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். வரும் தீப்பந்தைத் தடுத்தால் உங்கள் உயிர்க்கோடு சிறிது தேயும். தாண்டிக் குதித்தால் அவன் கீழே ஷோரியூக்கன் என்னும் மேலெழும் குத்தோடு காத்திருக்கிறான். ஆனால் அவன் பந்தை விடப்போவதை முன்கூட்டியே ஊகித்து நீங்கள் குதித்துவிட்டால், கையை நீட்டியபடி உறைந்து நிற்கும் அவனால் உங்களை ஒன்றும் செய்ய முடியாது. இது அவனுக்கும் தெரியுமாதலால், விடப்போகிறவன் போல நின்று விடாமல் இருப்பான். நீங்களும் குதிக்கப்போகிறவர் போல அசைந்து குதிக்காமல் இருப்பீர்கள். இருவரும் ஒன்றுமே செய்யாமல் அரை அடி முன்னும் பின்னுமாக நகர்ந்துகொண்டிருக்கும் அந்த நேரம்தான் ஆட்டம். சிலம்பம் சுற்றுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. கைல் என்னும் வீரனின் நிலைமை இன்னும் இக்கட்டானது. எதிரியை நோக்கிப் பாயும் சோனிக் பூமை அவன் விட வேண்டுமானால், ஜாய்ஸ்டிக் பிடியை முதலில் பின்னால் இழுத்து வைத்திருக்க வேண்டும். எதிரியை நோக்கி ஓரடி எடுத்து வைத்தால் கையிலிருந்த ஆயுதம் போய்விடும். முன்னேற்றமா ஆயுதமா என்பதையே ஒரு பாத்திரத்தின் குணமாக்கியிருக்கிறார்கள்.

தால்சிமைக் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. கழுத்தில் மண்டையோட்டு மாலை, வாயில் நெருப்பு, பின்னணியில் வரிசையாக யானைகள். ஆனால் ஆட்டமாகப் பார்த்தால் அவன் அருமையான கற்பனை: மெதுவாக நகர்ந்து, கைகால்களைத் திரையின் பாதிவரை நீட்டி, எதிரியை அண்டவிடாமலே வெல்ல வேண்டியவன். ‘நம்மாள்’ என்று சொல்லி முதல் நாளே அவனைத் தேர்ந்தெடுத்தவர்கள் எல்லோரும் எங்கள் கடையில் தோற்றுத்தான் போனார்கள்.

வயதைப் பற்றியும் ஒரு செய்தி. 2023இல் ஹாங்ஜோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5’க்குப் பதக்கம் வழங்கினார்கள். தங்கம் வென்ற தென்கொரியாவின் கிம் குவான்-வூவுக்கு அப்போது வயது 44.

மகனுக்கு, 2018இல் வந்த முப்பதாம் ஆண்டுத் தொகுப்பை வாங்கிக்கொடுங்கள். பழைய விளையாட்டுகள் 12 அதில் உள்ளன. ஹைப்பர் ஃபைட்டிங்கில் தொடங்கலாம், வேகம் அவனுக்குக் குறையாகத் தோன்றாது. இணையம் வழியாக வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து ஆடுங்கள். அவன் கென்னை எடுப்பான். நீங்கள் கைலை எடுத்து, பிடியைப் பின்னால் இழுத்து வைத்துக்கொண்டு, சும்மா இருங்கள். அவன் குதிப்பான்.