அரிசி மாவு கேக் ஏன் உதிர்கிறது? சீலியாக் பிள்ளைக்கு வீட்டிலேயே கேக், பிரெட்

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. நான்கு மாதத்துக்கு முன்பு எண்டோஸ்கோப்பி செய்து சீலியாக் நோய் என்று சொன்னார்கள். கோதுமை, மைதா, ரவை, சேமியா எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். அடுத்த மாதம் அவனுக்குப் பிறந்தநாள். பச்சரிசியை மில்லில் அரைத்து அந்த மாவில் கேக் செய்தேன், தட்டில் கவிழ்க்கும்போதே உதிர்ந்துவிட்டது. பிரெட் செங்கல் மாதிரி ஆனது. "பேக்கரி கேக் ஒரு துண்டு கொடுத்தால் என்ன, அடுப்புச் சூட்டில் அதெல்லாம் செத்துப்போகாதா?" என்கிறார் மாமியார். வீட்டில் எல்லோருமே கோதுமையை விட்டுவிடலாமா? 6 வயதில் மகளும் இருக்கிறாள். (வாசகி, திருப்பூர்)

மருத்துவர் பதில்:

சீலியாக் நோயில் குடலைக் கெடுக்கும் குளூட்டன் கிருமி இல்லை, சூட்டில் சாவதற்கு. கோதுமை, பார்லி, ரை என்னும் தானியம் ஆகியவற்றில் உள்ள புரதம் அது. 200 டிகிரியில் ஒரு மணி நேரம் வெந்தாலும் உங்கள் மகனின் குடலுக்கு அது குளூட்டன்தான். ஒரு துண்டு கோதுமை பிரெட்டில் ஏறக்குறைய 2 கிராம் குளூட்டன் இருக்கும். அந்தத் துண்டை நாற்பதாகக் கிள்ளினால் ஒரு கிள்ளலில் 50 மில்லிகிராம். தினம் அந்த ஒரு கிள்ளல் மூன்று மாதம் தொடர்ந்து உள்ளே போனாலே சிறுகுடலின் குடலுறிஞ்சிகள் பாதிக்கப்படலாம். வயிறு வலிக்கவில்லை என்பதை வைத்து நிம்மதி அடைய முடியாது, பல பிள்ளைகளுக்கு வெளியே எதுவுமே தெரியாது. ஆகவே பிறந்தநாள் என்றாலும் பேக்கரி கேக் வேண்டாம்.

கேக் உதிர்ந்ததைவிட, நீங்கள் போகிற போக்கில் எழுதிய "மில்லில் அரைத்து" என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. உங்களுக்கு முன்னால் நின்றவர் கோதுமை அரைத்திருப்பார். கல்லிலும் துணிக்குழாயிலும் தங்கிய அந்த மாவு ஒரு கைப்பிடி, அதாவது 25 கிராம், உங்கள் 2 கிலோ அரிசி மாவில் விழுந்தால் கிலோவுக்கு 1000 மில்லிகிராம் குளூட்டன் ஆகிவிடும். குளூட்டன் இல்லாத உணவு என்று விற்க இந்தியாவில் உள்ள வரம்பு கிலோவுக்கு 20 மில்லிகிராம். கேழ்வரகு, சோளம், தினை எல்லாவற்றுக்கும் இதே கதைதான். தானியம் நல்லது, மில் நல்லதில்லை.

எனவே வீட்டு மிக்ஸிதான் வழி. பச்சரிசியைக் கழுவி இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, வெள்ளைத் துணியில் பரப்பி முழுக்கக் காயவிடுங்கள். அதிரசத்துக்குப் போல ஈரப்பதத்தோடு அரைத்தால் கேக்குக்கு ஊற்றும் நீர்க்கணக்கு ஒவ்வொரு முறையும் மாறும். அரைத்ததும் சல்லடை போதாது, மெல்லிய துணியில் வஸ்திரகாயம் செய்யுங்கள், அதாவது துணி வழியாகச் சலித்தெடுங்கள். நறநறப்பு வருவது அரிசியால் இல்லை, பெரிய துகளால். ஜவ்வரிசியையும் இப்படியே பொடிக்கலாம், அது மரவள்ளி மாவுச்சத்துதான். முழுத் தானியமாக வாங்கினாலும் தட்டில் கொட்டிப் பாருங்கள், சிறுதானியத்தில் கோதுமை மணி கலந்து வருவது உண்டு.

இனி உதிர்வதற்கு வருவோம். பரோட்டா மாஸ்டர் வீசும்போது மாவு கிழியாமல் விரிகிறதே, அந்த வலைதான் குளூட்டன். ஈஸ்டோ பேக்கிங் பவுடரோ கிளப்பும் காற்றை அது பிடித்துவைக்கிறது. அரிசியில் அந்த வலை கிடையாது. ஆனால் அரிசி மாவில் காற்றைப் பிடித்துவைக்க நமக்குத் தெரியாதா? இட்லியில் அந்த வேலையை உளுந்தின் கொழகொழப்பு செய்கிறது. கேக்கிலும் பிரெட்டிலும் உளுந்தின் இடத்தில் இசப்கோல் உமியை வையுங்கள். மலச்சிக்கலுக்கு மருந்துக்கடையில் வாங்கும் அதே உமிதான், ஆனால் வாசனையும் சர்க்கரையும் சேர்க்காத வெறும் உமி.

7 அங்குல டின்னில் ஒரு கேக்குக்கு அரிசி மாவு 120 கிராம், ஜவ்வரிசி மாவு 40, கேழ்வரகு மாவு 40, இசப்கோல் 3 கிராம், உப்பு ஒரு சிட்டிகை. 3 முட்டை, 160 கிராம் சர்க்கரை, 100 மில்லி எண்ணெய், 120 மில்லி புளிக்காத தயிர் ஆகியவற்றை அடித்து மாவில் கலந்து அரை மணி நேரம் மூடிவையுங்கள். இந்த அரை மணி நேரத்தைத்தான் எல்லோரும் தவிர்க்கிறார்கள். அரிசித் துகள் நீரை மெதுவாகத்தான் குடிக்கும். ஊறாமல் அடுப்பில் வைத்தால் நடுவில் நறநற, ஓரத்தில் உதிரல். அரை மணி கழித்துக் கரண்டியை எடுத்தால் மாவு இட்லி மாவு பதத்தில் மெதுவாக வழிய வேண்டும், கட்டியாக விழுந்தால் இரண்டு ஸ்பூன் தயிர் விடுங்கள். பேக்கிங் பவுடர் 2 டீஸ்பூனும் சோடா கால் டீஸ்பூனும் கடைசியில்தான். தயிரோடு சோடா சேர்ந்ததும் காற்று கிளம்பிவிடும், ஊறும் நேரத்திலேயே அது வீணாகிவிடக் கூடாது. 170 டிகிரியில் 40 முதல் 45 நிமிடம். 15 நிமிடம் ஆறிய பிறகே கவிழ்க்க வேண்டும், சூடாக இருக்கும்போது இதைத் தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லை.

தயிர் ஏன் என்றால், நோய் கண்டுபிடித்த முதல் சில மாதங்களில் பாலில் உள்ள லாக்டோஸ் சில பிள்ளைகளுக்குச் செரிக்காது. தயிர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.

பிரெட் கொஞ்சம் அடம்பிடிக்கும். செங்கல் ஆனதற்குக் காரணம் அநேகமாகத் தண்ணீர் பற்றாமைதான். சப்பாத்தி மாவு மாதிரி பிசைந்திருப்பீர்கள். 18 கிராம் இசப்கோலை 350 மில்லி தண்ணீரில் கரைத்துப் பத்து நிமிடம் வைத்தால் கூழாகும். அதில் அரிசி மாவு 120, சோள மாவு 80 (வெள்ளைச் சோளம், மக்காச்சோளம் இல்லை), ஜவ்வரிசி மாவு 100, ஈஸ்ட் 7, சர்க்கரை 15, உப்பு 6 கிராம், எண்ணெய் 20 மில்லி. கையில் ஒட்டுகிற களியாகத்தான் இருக்கும், பயந்து மாவு சேர்க்காதீர்கள். இரண்டு முறை பொங்கவிடும் வழக்கமெல்லாம் கோதுமைக்கு. இதை நேரே டின்னில் போட்டு, ஈரக் கையால் மேலே தடவி, ஒரே ஒரு முறை, ஒன்றரை மடங்கு ஆகும்வரை. நம் வெயிலில் 40 நிமிடத்திலேயே ஆகிவிடும். இரண்டு மடங்காக விட்டால் அடுப்பில் நடு அமுங்கும். 200 டிகிரியில் ஒரு மணி நேரம். முழுக்க ஆறும்முன் வெட்டினால் கத்தியில் பசை மாதிரி ஒட்டும், வேகவில்லை என்று தப்பாக நினைப்பீர்கள். மறுநாள் இறுகிவிடும் என்பதால் ஆறியதும் துண்டு போட்டு ஃப்ரீசரில் வையுங்கள்.

தோசைக்கல்லில் வாட்டலாம், கோதுமை பிரெட் போட்ட டோஸ்டரில் வேண்டாம். சோப்பு போட்டுக் கழுவிய எவர்சில்வர் பாத்திரத்தால் தொந்தரவு இல்லை. சல்லடை, மரக்கரண்டி, பூரிக்கட்டை, கீறல் விழுந்த நான்ஸ்டிக் ஆகியவை அவனுக்குத் தனியாக வேண்டும். அவனுடைய கேக் செய்யும் வேளையில் அடுக்களையில் மைதா சலிக்காதீர்கள்.

கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ இருக்கும், சாம்பார் வழியாகத் தினமும் உள்ளே போகும். பேக்கிங் பவுடர், கேக் மேல் தூவும் வண்ணமணிகள், சோயா சாஸ் எல்லாவற்றின் லேபிளையும் படியுங்கள். பாக்கெட் "ராகி மால்ட்" சிலவற்றில் பார்லியோ கோதுமையோ சேர்ந்திருக்கும். தினை பிஸ்கட் என்று பெயர் இருந்தாலும் மைதா இருக்கிறதா என்று பாருங்கள். ஓட்ஸ் இப்போதைக்கு வேண்டாம்.

இரும்பு, வைட்டமின் டி, எடை, உயரம் ஆகியவற்றோடு tTG என்னும் ரத்தப் பரிசோதனையை (டிடிஜி என்று கேளுங்கள்) ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். டிடிஜி அளவு இறங்கிக்கொண்டே வர வேண்டும். பிள்ளைகளுக்குச் சரியாக ஓரிரு ஆண்டு கூட ஆகலாம். இறங்காமல் நின்றால் முதலில் அடுக்களையில் தேடுங்கள்.

எல்லோரும் கோதுமையை விடுவது உங்கள் வசதி, ஆனால் இந்த வாரம் வேண்டாம். உடன்பிறந்தவர்களுக்கும் பெற்றோருக்கும் இந்த நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். மகளுக்கும் உங்கள் இருவருக்கும் டிடிஜி ஐஜிஏ, மொத்த ஐஜிஏ (ஐஜிஏ என்பது ரத்தத்தில் உள்ள ஒரு வகை எதிர்ப்பொருள்) இரண்டையும் முதலில் பாருங்கள். கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் அந்தப் பரிசோதனை சரியாகக் காட்டும். நிறுத்திய பிறகு பார்த்தால் நோய் இருந்தாலும் இல்லை என்று வரக்கூடும். அதுவரை மகளுக்குச் சப்பாத்தி தனிக்கல்லில் தொடரட்டும்.