சீன மை ஓவியம் ஏன் தேய்ந்தது, எப்படி மீண்டது?

முக்கியக் காரணம் நகலெடுப்புதான். சிங் அரசமரபுக் காலத்தில் 'நான்கு வாங்குகள்' என்ற, வாங் என்னும் குடும்பப்பெயர் கொண்ட நான்கு ஓவியர்களின் பாணியே இலக்கணமாகிவிட, பின்வந்த பலர் மலையைப் பார்க்காமல் பழைய ஓவியத்தைப் பார்த்தே மலை வரைந்தார்கள். மேற்கத்திய யதார்த்தம் வேண்டும், இந்தப் பாணி ஒழிய வேண்டும் என்று 1919-இல் வெளியான கட்டுரையில் சீர்திருத்தச் சிந்தனையாளர் சென் துஷியு எழுதினார். ஓவியர் சென் ஷிசெங் அதை ஏற்கவில்லை; அச்சு அசலாக இருப்பதைவிட வரைபவரின் மனம்தான் பெரிது என்றார்.

அப்புறம் ஷிசெங் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பெய்ஜிங்கில் ஓவியங்கள் விலைபோகாமல் தவித்த முன்னாள் தச்சர் ச்சி பைஷியைப் பாணியை மாற்றச் சொல்லித் தூண்டி, 1922-இல் பைஷியின் ஓவியங்களை டோக்கியோ கண்காட்சிக்கு எடுத்துப்போனார். நல்ல விலைக்கு விற்றன. இறால், நண்டு, முட்டைக்கோஸ் என்று அன்றாடம் கண்ணில் படுவதையெல்லாம் பைஷி அதே மையில் வரைந்தார்.