எழுத்து மாறினாலும் சொல் தெரிவது ஏன்? – கேள்வி பதில்

கேள்வி (நல்லூர், ஆசிரியை): முதலெழுத்தும் கடைசியெழுத்தும் சரியாக இருந்தால், இடையில் எப்படிக் கலைந்தாலும் வாசிக்கலாம் என்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் கண்டறிந்ததாக வட்ஸ்அப்பில் வந்ததே, உண்மையா ஐயா?

பதில்: அப்படியோர் ஆய்வு அங்கே நடக்கவில்லை. அது 2003இல் மின்னஞ்சலில் பரவிய செய்தி. அதற்கு நெருக்கமானது, கிரகாம் ரோலின்சன் 1976இல் நொட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் செய்த கலாநிதிப் பட்ட ஆய்வு. கலைந்த சொல்லை வாசிக்க முடியும், ஆனால் வேகம் குறையும். கீத் ரெய்னர் குழுவினர் 2006இல் ஆங்கில வாசகர்களிடம் அளந்தபோது, சொல்லின் உள்ளெழுத்துகள் இடம்மாறினால் 11 சதவீதமும், இறுதியில் மாறினால் 26 சதவீதமும், தொடக்கத்தில் மாறினால் 36 சதவீதமும் வேகம் குறைந்தது. தயவுசெய்து அந்தச் செய்தியை இனி எவருக்கும் அனுப்பாதீர்கள்.

கேள்வி (வட்டுக்கோட்டை): தமிழிலும் இதே கதைதானா?

பதில்: தமிழில் எதை ஓர் எழுத்தென்று கொள்கிறோம் என்பதை முதலில் தீர்க்க வேண்டும். 'பலகை' என்பதில் பின்னிரண்டு எழுத்துகளை முழுதாக மாற்றினால் 'பகைல' என்ற பொருளற்ற வடிவம் வரும். ஐகாரக் குறியை அதன் இடத்திலேயே விட்டு மெய்களை மட்டும் மாற்றினால் 'பகலை' என்ற நல்ல சொல்லே வந்துவிடும். 'கதவு' தொடக்கத்தில் மாறினால் 'தகவு'. ஆங்கிலத்துக்குக் கிடைத்த எண்களை அப்படியே தமிழுக்குப் பொருத்தக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

கேள்வி (அவரே): உயிர்மெய் ஓரெழுத்து. அதைப் பிரிப்பது இலக்கணப் பிழை அல்லவா?

பதில்: நன்னூலே உயிர்மெய்யைச் சார்பெழுத்தில் வைத்தது, உயிரும் மெய்யும் சேர்ந்து பிறப்பதால். கண்ணுக்கும் அது பல உறுப்புகள் கொண்டதுதான். 'கெ' என்பதில் கொம்பு இடப்பக்கம் நிற்கிறது. அது குறிக்கும் எகரமோ ககரத்துக்குப் பின்னரே ஒலிக்கிறது. வரிசை என்பது கண்ணுக்கு ஒன்று, செவிக்கு ஒன்று என்றாகிவிட்ட எழுத்துமுறையில் இலக்கண எண்ணிக்கை மட்டும் போதாது.

கேள்வி (சாவகச்சேரி): கேம்பிரிட்ஜ் ஆய்வைப் பற்றி விளக்குவீர்களா?

பதில்: முதற்பதிலைப் பாருங்கள்.

கேள்வி (கோப்பாய், தாய்): தரம் 3 படிக்கும் மகன் சொல்வதெழுதலில் எழுத்துகளை மாற்றி எழுதுகிறான். விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள், அம்மா. முதலில் கண்ணைச் சோதியுங்கள். பிறகு சிறுவர் மருத்துவரிடம் காட்டுங்கள். இது என் துறையன்று.

கேள்வி (மானிப்பாய், அச்சகம்): ஒப்புநோக்கும்போது இடம்மாறிய எழுத்து ஏன் தப்பிவிடுகிறது?

பதில்: தெரிந்த சொல்லைக் கண் எழுத்தெழுத்தாகப் பார்ப்பதில்லை. ஓர் அந்தியேட்டிக் கல்வெட்டில் (இறந்தவர் நினைவாக அச்சிடும் சிறுநூலில்) 'பேரப்பிள்ளைகள்' என்பது 'பேப்ரபிள்ளைகள்' என்று கோக்கப்பட்டிருந்ததை மூவர் வாசித்தோம், மூவருமே காணவில்லை; அச்சேறிய பின் அந்த வீட்டுச் சிறுமிதான் விரலை வைத்துக் காட்டினாள். அன்றிலிருந்து அடிமட்டத்தை வரியின் கீழ் வைத்து, கடைசி வரியிலிருந்து மேலே போகிறேன்.