'கடுப்பு' என்றால் வலியா, எரிச்சலா?

இரண்டும்தான். 'நின்று நின்று கால் கடுக்கிறது' என்பதில் அது வலி. 'அவன் பேச்சு கடுப்பாக இருக்கிறது' என்பதில் எரிச்சல்.

பேச்சில் இன்று இரண்டாவது பொருளே அதிகம் காதில் விழுவதால் குழப்பம் வந்திருக்கும். வயிற்றுக்கடுப்பு, நீர்க்கடுப்பு என்ற நோய்ப் பெயர்களில் உடல் வலி அப்படியே நிற்கிறது. குடைகிற வலிக்கான சொல் மனத்துக்கும் பொருந்துவது எனக்கு மிகவும் பிடிக்கும்.

வினையைப் பாருங்கள். 'கடுக்கிறது' என்றால் பெரும்பாலும் உடம்பு. 'கடுப்பாகிறது', 'கடுப்பேற்றுகிறான்' என்றால் மனம். அப்புறம், 'கோபம்' என்று மாற்றிப் போட்டும் பார்க்கலாம்; 'கால் கோபம்' பொருந்தாதே.

ஒன்று: எரிச்சல் பொருளில் இது நண்பர்களிடம் பேசும் சொல். அலுவலகக் கடிதத்தில் 'வருத்தம்', 'அதிருப்தி' என்றே எழுதுங்கள்.